கவி கீட்ஸும் அவர் கண்ட தோல்விகளும்

செய்யுளோ சிறுகதையோ இயற்றப் புகும் மாணவர் பலர், முதல் இரண்டு முயற்சிகளோடு எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவதை நாம் காண்கின்றோம். தமக்கு அவ்வரம் வாய்க்கவில்லை என்பதே அவர்கள் கூறும் காரணம். இவருள் சிலர் உண்மையிலேயே வேறு துறைக்கு உரியவராயிருக்கலாம். ஏனையோரோ நல்ல நூல்களை ஆர்வத்துடன் கற்றவர். அங்ஙனம் கற்றதன் பயனாகவே தம் எழுத்தின் குறையை உடனே கண்டுகொள்பவர். சுவை அறியும் உள்ளம் முன்னே சென்றுவிட, எழுதும் கை பின்னே தங்கி நிற்கின்றது. குறை காண வல்லவர் மனந்தளர்ந்து ஒதுங்க, அதனைக் காணமாட்டாதார் தயக்கமின்றி எழுதிக்கொண்டே செல்வாராயின், அஃது இலக்கியத்திற்கு நேரும் பெருநட்டமன்றோ?

இதனைத் தெளிவுறுத்த, ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். கல்லூரிப் பாடங்களில் நாம் பெரும்பாலும் பயில்வன அவர் 1819ஆம் ஆண்டில் இயற்றிய பாடல்களே. அவற்றிற்கு முற்பட்டவற்றை நாடிப் படிப்போர் சிலரே. ஆதலின், அவர் பிறக்கும்போதே முதிர்ந்த கவியாய்ப் பிறந்தார் என்னும் எண்ணம் எளிதில் தோன்றிவிடுகின்றது. உண்மை அஃதன்று.

கீட்ஸ் 1795ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் வாடகைக் குதிரைலாயம் ஒன்றை நடத்தி வந்தவர். அவர் 1804லும், அன்னையார் 1810லும் இறந்தனர். பின்னர் கீட்ஸ் ஓர் இரண வைத்தியரிடம் தொழில் பயின்றார். 1815இல் கைஸ் மருத்துவமனையில் மாணவராய்ச் சேர்ந்து, 1816இல் வைத்தியத் தொழிலுக்குரிய உரிமையும் பெற்றார். அவர் படித்த பள்ளித் தலைவரின் மைந்தரான கௌடன் கிளார்க் என்பவர் ஸ்பென்ஸர் என்னும் பழங்கவியின் காவியத்தை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தார். அதன் விளைவாகப் பதினெட்டாம் வயதளவில் கீட்ஸ் இயற்றிய முதற்பாடல், அக்கவியைப் பின்பற்றியெழுதிய பயிற்சியேயாகும். 1817 மார்ச்சுத் திங்களில் அவருடைய முதற்செய்யுள் தொகுதி வெளிவந்தது. ஹோமரின் காவியத்தைச் சாப்மனின் மொழிபெயர்ப்பில் கற்ற மகிழ்ச்சியைப் பாடும் பதினான்கடிப் பாடல் அதனுள் ஒன்று. அஃது இன்றும் போற்றப்படுகின்றது. ஆயினும் நூலை வாங்கினார் மிகச் சிலரே. அதனைப் பதிப்பித்தவரும் ஏன் பதிப்பித்தோமென வருந்தினர்.

நூல் விலைபோகாமை கண்டு அவர் ஓய்ந்திருக்கவில்லை. அடுத்த திங்களிலேயே 'எண்டிமியன்' என்னும் நெடும்பாடலைத் தொடங்கினார். திங்கள் தெய்வம் ஓர் இடையனைக் காதலித்தது என்னும் சிறு கதை ஒன்றைக் கொண்டு 4000 அடிகளை நிரப்புதல் வேண்டும் என்பது அவர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட தேர்வு. ஊர் ஊராய்த் தங்கியெழுதி, நவம்பர்த் திங்கள் இறுதியில் அதனை முடித்தார். 1818இல் நூல் அச்சேறியபோது அவர் எழுதிய முன்னுரை கருதத்தக்கது. இது நிறைவெய்திய செயலன்று, ஆர்வ வேகத்திற் செய்த முயற்சியே என்று அதில் அவர் தாமே ஒப்புக்கொண்டார். அடிப்படை மணலாயிருத்தலின், இன்னும் ஓராண்டு திருத்தினும் பயனில்லை. இந்நூல் மறைந்து போகும் காலத்தில், நிலைக்கத் தக்க பாடல்களுக்குத் தம்மைத் தகுதியாக்கிக் கொள்ளலாம் என்பது அவர் கருத்து.

அவ்வாண்டிலேயே மதிப்புரைகள் வெளிவந்தன. 'பிளாக்வுட்ஸ்' சஞ்சிகை, பாட்டை விட்டு மருந்துக்கடைக்கே திரும்புமாறு அவரை எள்ளி நகையாடியது. 'குவார்ட்டர்லி ரிவ்யூ' என்னும் சஞ்சிகையில் எழுதியவர், நான்கு பகுதிகளுள் முதற்பகுதிக்கு மேல் தம்மாற் படிக்க இயலவில்லை என்று கூறிக்கொண்டே தீர்ப்பு வழங்கினார். எனினும், அவர் கூறிய குற்றங்களுள் ஒன்று பொருளற்றதன்று. அடிகளின் இறுதியில் வரும் இயைபே கருத்தை இழுத்துச் செல்கின்றது; கருத்து இயைபை ஆளவில்லை என்றார் அவர். எதுகைக்காகச் சொல்லைத் தேடி, அச்சொல்லுக்காகப் பொருளைத் தேடும் நம் இளங்கவிஞர் இக்குற்றத்தை நன்கறிவர்.

இம்மதிப்புரைகளே கீட்ஸின் உயிரைக் குடித்தன என்னும் கதையைக் கவிஞர் ஷெல்லியும் பைரனும் பரவச் செய்தனர். அவர் உயிரைக் கவர்ந்தது க்ஷயரோகமே. வசைமொழிகளைக் கேட்டபின் 1818 அக்டோபரில் அவர் தம் பதிப்பாளருள் ஒருவரான ஹெஸ்ஸி என்பவருக்கு எழுதிய கடிதம் அவரது மனநிலையைக் காட்டும். தம் படைப்பைத் தாமே கடுமையாக ஆராய்பவனுக்குப் பிறர் புகழும் இகழும் கணநேரமே தைக்கும் என்றும், கரையில் அமர்ந்து பிறர் நல்லுரைகளைக் கேட்டுக்கொண்டிருந்தால் அறிந்திருக்க முடியாத ஆழத்தையும் பாறைகளையும் கடலுள் தலைகுப்புறக் குதித்ததனாற்றான் அறிந்ததாகவும், அவர் அதன்கண் எழுதினார்.

அறிந்ததை அவர் பயன்படுத்திய முறையே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அடுத்து அவர் மேற்கொண்ட 'ஹைபீரியன்' காவியத்தில் இயைபையே நீக்கி, மில்டனின் செய்யுள் நடையைக் கைக்கொண்டார். நோயுற்ற தம்பிக்குப் பணிவிடை செய்துகொண்டே அதனை எழுதினார். டிசம்பரில் அத்தம்பியும் இறந்தான். காவியம் முற்றுப்பெறவில்லை. மறு வடிவில் மீண்டும் தொடங்கி, அதனையும் 1819 செப்டம்பரில் கைவிட்டார். மில்டனின் குரல் தம் குரலை விழுங்குகின்றது என்பதே அவர் கண்ட காரணம். நண்பர் பிரௌனுடன் சேர்ந்தெழுதிய நாடகமும் அவர் வாழ்நாளில் மேடையேறவில்லை. அவருடைய பொன்னான ஆண்டிலும் தோல்விகள் குறையவில்லை என்பதை மாணவர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆயினும் எத்தோல்வியும் வீணாகவில்லை. பதினான்கடிப் பாடலின் வழக்கமான இயைபமைப்புகள் அவருக்கு மனநிறைவளிக்கவில்லை. 1819 வேனிற்காலத்தில் அவற்றை மாற்றி மாற்றி அமைத்துப் பார்த்தார். அவ்வாராய்ச்சியினின்றே, நான்கடியும் ஆறடியும் இணைந்த பத்தடிச் செய்யுளமைப்பு உருவாயிற்று. இராப்பாடிப் பறவையைப் பற்றியும் கிரேக்கத் தாழியைப் பற்றியும் அவர் பாடிய பாடல்கள் அவ்வமைப்பைத் தழுவியனவே. 'எண்டிமியனில்' அவரை இழுத்துச் சென்ற ஈரடி இயைபுச் செய்யுளையும் அவர் அஞ்சி விட்டுவிடவில்லை. டிரைடன் என்னும் கவி அதனை ஆண்ட முறையை நன்கு கற்றபின், அவ்வாண்டிலேயே 'லேமியா' என்னும் கதைப்பாடலை அதே யாப்பிற் பாடினார். முன்னையது 4000 அடிகள் கொண்டு தளர்ந்து நிற்க, பின்னையதோ சுமார் 700 அடிகளில் செறிந்து விளங்குகின்றது.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது பழமொழி. அம்மியை நகர்த்துதற்கு ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வைத்தல் போதும். கலைத் தொழிலுக்கு அது போதாது. ஒரே குற்றத்தை நூறு முறை செய்பவனுக்குக் குற்றமே பழக்கமாகிவிடும். கீட்ஸ் ஒவ்வொரு முறையும் தொடங்கியதைத் தம்மால் இயன்ற எல்லை வரை நடத்தினார். குறை யாதெனத் தாமே தெளிந்தார். பழையதையே பற்றிக்கொண்டு வருந்தாமல், அக்குறை நீங்குதற்கேற்ற வேறொரு முயற்சியிற் புகுந்தார். விடாமுயற்சி என்பதற்கு இவ்விடத்துப் பொருள் இதுவே.

இவ்வுழைப்பின் பயன் புகழ் என்று எவரும் மயங்கற்க. 1820இல் வெளிவந்த அவரது மூன்றாம் நூலும் விரைந்து விலைபோகவில்லை. 1821 பிப்ரவரி 23ஆம் நாள், தமது இருபத்தைந்தாம் வயதில், ரோமாபுரியில் அவர் காலமானார். உலகம் பின்னர் அளித்த பெருமையை அவர் காணவில்லை. ஆனால், தம் கை தம் உள்ளத்தை நெருங்கி வருவதை அவர் கண்டிருத்தல் வேண்டும். முதற்பாடலுக்கும் அவ்வுயர்ந்த பாடல்களுக்கும் இடையே கழிந்தவை ஏறக்குறைய ஐந்தாண்டுகளே. மாணவர் பலர் கல்லூரியிற் கழிக்கும் காலத்தினின்று அது மிக வேறுபட்டதன்று.

ஆதலின், இம்மலருக்குச் செய்யுளோ கட்டுரையோ அனுப்பி, அஃது இடம்பெறாமை கண்டு வருந்தும் மாணவ நண்பர்களுக்கு நாம் சொல்லக் கூடியது சிறிதே. அத்தாளைக் கிழித்தெறியற்க. சில திங்கள் கழித்து எடுத்துப் படித்து, எவ்விடத்தில் சொல் பொருளை இழுத்துச் சென்றது என்று குறியிடுக. உண்மை கூறும் நண்பர் ஒருவருக்கும் காட்டுக. பின்னர் அதனைப் பெட்டியில் வைத்துவிட்டு, அக்குறை ஒன்றையேனும் விலக்கும் நோக்கத்துடன் புதியதொன்றைத் தொடங்குக. அடுத்த ஆண்டு மலருக்கு அப்புதியதை எதிர்பார்க்கின்றோம்.