அந்தமானில் நாளைய கட்டடங்கள்

எறும்பு முட்டையைச் சுமந்து மேட்டில் ஏறினால் மழை வரும் என்பர் நம் உழவர். மழைக்கு எறும்பு போலக் கட்டடப் பெருக்கத்துக்கும் முன்குறிகள் உண்டு. கடை, விடுதி, அலுவலகம் ஆகிய வாணிகக் கட்டடங்கள் எவ்வளவு எழும் என்பதை அக்குறிகளால் முன்கூட்டியே கணிக்கலாம். அந்தமானை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

முதற்குறி, நகராட்சி ஒப்புதல் தந்த கட்டட வரைபடங்கள். இன்று ஒப்புதல் பெற்றது ஓரிரண்டு ஆண்டுகளில் கட்டடமாகும். அடுத்தவை வங்கி வட்டியும், சிமெண்டு, கம்பி விற்பனையும். பெருநிலத்தில் இவற்றோடு சென்ற பத்தாண்டுக் கணக்கையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தால் ஓரளவு விடை கிடைத்துவிடும்.

தீவில் அந்தக் கோடு போதாது. ஏன்? அங்கே தேவை படிப்படியாக ஏறுவதில்லை. புதிய வழி திறக்கும்போது தாவுகிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தொலைத்தொடர்புக்கான கடலடி வடம் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிற்று. ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைத் தாங்கவல்ல விமான நிலையக் கட்டடம் 2023 ஜூலையில் திறக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள் தொகையோ 3,80,581 தான்! விடுதி கட்ட நினைப்பவர் மனம் துள்ளாதா?

துள்ளட்டும், தடைகளையும் எண்ண வேண்டும். கடற்கரை மணல் அள்ளுவதைப் படிப்படியாகக் குறைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2002இல் ஆணையிட்டது. சிமெண்டும் கம்பியும் கப்பலேறி வரவேண்டும். நகரம் குடிநீருக்குத் தனிக்காரி அணையையே பெரிதும் நம்பியிருக்கிறது. கோடையில் முறை வைத்து நீர் விடும் நிலை நேர்வதுண்டு. நிலநடுக்க அபாயம் மிக்க பகுதியாதலால் அடித்தளத்துக்குச் செலவு கூடும். தேவை தாவினாலும் கட்டடம் நொண்டித்தான் நடக்கும்.

இங்கேதான் ஆபத்து. விடுதிகள் நிரம்பிய ஆண்டில் பலரும் ஒருசேரக் கடன் வாங்கி அடிக்கல் நாட்டுவர். எல்லாம் கட்டி முடியும்போது அறைகள் மிகுந்து வாடகை சரியும். 2004 ஆழிப்பேரலையோ 2020 பெருந்தொற்றோ போன்ற அடி விழுந்தால் பயணிகள் வரவு நிற்கும், வட்டி நிற்காது. நகையை அடகு வைத்துக் கட்டிய சிறு வணிகரே முதலில் வீழ்வர்.

ஆதலின் கணிப்பு ஒரே எண்ணாக இருத்தல் கூடாது என்பேன். நன்றாக நடந்தால் இவ்வளவு, நடுத்தரமாயின் இவ்வளவு, அடி விழுந்தால் இவ்வளவு என மூன்று கணக்குகள் வேண்டும். மூன்றாவது கணக்கிலும் கடனை அடைக்க முடியுமாயின் அடிக்கல் நாட்டலாம். பொறியியலும் பொருளியலும் பயிலும் தோழர்களே! வரைபடம் போடக் கற்கும் நாம், அந்த மூன்றாம் கணக்கையும் போடக் கற்போமாக!