மேற்கு யன்னலை முதலில் பாருங்கள்: வன்னி வீடுகளும் பிளைன்ட்ஸ் செலவும்

போருக்குப் பின் வன்னியில் எழுந்த கல்வீடுகளில் பெரும்பங்கு வீட்டுத்திட்டங்களால் வந்தவை. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், வடக்கு கிழக்கில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த மானியம் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. பயனாளியே முன்னின்று கட்ட வேண்டும். பணம் கட்டம் கட்டமாக வரும். அத்திவாரம், சுவர், கூரை என்று போய், கதவு யன்னலுக்கு வரும்போது கை வெறுமையான குடும்பங்கள் பல. நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் சிலர் முடித்தார்கள். முடியாதவர்கள் படங்கையோ பழைய சேலையையோ யன்னலில் கட்டினார்கள்.

அந்த யன்னல்கள் இப்போது மெல்ல மெல்லக் கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் மாறுகின்றன. கண்ணாடி வந்ததும் வெயிலும் உள்ளே வருகிறது. அடுத்த செலவாக வந்து நிற்பது பிளைன்ட்ஸ். வாங்குவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும்: உண்மையில் எவ்வளவு முடியும்? வெக்கை குறையுமா?

சதுர அடி விலை முழு விலை அல்ல

பிளைன்ட்ஸ் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. 4 அடிக்கு 4 அடி யன்னல் 16 சதுர அடி. ஆனால் இது சட்டத்துக்குள்ளேயே பொருத்தினால் மட்டும். உட்பக்கம் இரும்புக் கம்பி இருந்தால் சுவரின் மேல்தான் பொருத்த வேண்டும். அப்போது வெளிச்சம் ஒழுகாமல் இருக்க நான்கு பக்கமும் 4 அங்குலம் கூட்டினால், பரப்பு ஏறத்தாழ 22 சதுர அடியாகிவிடும். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம்.

கணக்குக்காகச் சதுர அடி 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நான்கு யன்னலுக்கு 19,200 ரூபா என்று நினைத்துப் போனவருக்கு, சுவரின் மேல் பொருத்தும்போது 26,000 ரூபாவைத் தாண்டும். 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். சொன்ன விலைக்குள் அது அடங்காவிட்டால் தொகை 30,800 ரூபாவைத் தொடும். வேறு ஊரில் தயாராகி வருவதென்றால் போக்குவரத்துச் செலவும், பொருத்துபவரின் கூலியும் தனி. துணி, குழாய், கொளுக்கி எல்லாம் பெரும்பாலும் இறக்குமதி. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது இப்படியான பொருட்களும் சேர்ந்தே ஏறின.

ஆகவே கடைக்காரரிடம் சதுர அடி விலையை மட்டும் கேட்டுவிட்டு வரக்கூடாது. அளவெடுத்து, வரி, போக்குவரத்து, கூலி எல்லாம் சேர்த்த மொத்தத்தை எழுத்தில் கேட்க வேண்டும். சிறிய யன்னலுக்குக் குறைந்தபட்சப் பரப்பு என்று ஒரு கணக்கு உண்டா என்பதையும் கேளுங்கள். நீங்களே அளந்து கொடுப்பதென்றால், சட்டத்துக்குள் பொருத்த அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் எடுத்து மிகக் குறைந்ததைக் கொடுங்கள். பிழையாக வெட்டிய பிளைன்ட்ஸைக் கடை திருப்பி எடுப்பது அரிது. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் தொங்கும் கயிற்று வளையம் கழுத்தில் சிக்கலாம்; அதைச் சுவரோடு இறுக்கிப் பூட்டச் சொல்லுங்கள்.

எந்த யன்னல்?

நான்கு யன்னலுக்கும் ஒரே செலவு தேவையில்லை. கிளிநொச்சி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகையளவில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணியிலும் நண்பகல் வெயில் நேர் உச்சியில் நிற்கும். மற்ற மாதங்களிலும் நண்பகலில் அது உயரத்திலேயே இருக்கும். வடக்கு, தெற்கு யன்னல்களுக்கு மேலே 2 அடி நீட்டிய கூரையோ கொங்கிறீற் தட்டோ போதும். மார்கழி நண்பகலில்கூடத் தெற்கு யன்னலில் 3 அடிக்கு நிழல் விழும்.

மேற்கு யன்னலின் கதை வேறு. சித்திரை மாதப் பின்னேரம் 4 மணிக்கு வெயில் தாழ்ந்து நேரே உள்ளே வரும். அதே 2 அடி நீட்டம் அப்போது ஓரடிக்குச் சற்று மேல்தான் நிழல் தரும். வீட்டின் நிலைக்கேற்ப ஒன்றோ இரண்டோ யன்னல்தான் இப்படி இருக்கும். காசு அங்கேதான் போக வேண்டும்.

உள்ளேயா, வெளியேயா?

உட்பக்கப் பிளைன்ட்ஸ் கண்கூச்சத்தையும் வெளிப்பார்வையையும் மறைக்கும். வெக்கையை அந்த அளவுக்குத் தடுக்காது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் துணியைச் சுடவைக்கும். துணி அறையைச் சுடவைக்கும். வெள்ளை நிறத் துணி ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். தள்ளித் திறக்கும் அலுமினிய யன்னலில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். அதற்கு மேல் பிளைன்ட்ஸையும் இறக்கினால் கச்சான் காற்றும் உள்ளே வராது.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே மறிப்பதுதான் பலன் தரும். கிடுகுத் தட்டி, பனையோலைத் தட்டி, நாற்றுமேடைக்குப் போடும் நிழல்வலை எதுவானாலும் சுவரிலிருந்து ஓரடி தள்ளித் தொங்கவிட்டால் இடையில் காற்று ஓடும். ஓலைத் தட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும். அடுப்புக்கு அருகில் வேண்டாம். பாகல், பயற்றைப் பந்தல் நிழலோடு கறியும் தரும். தகரக் கூரை வீட்டிலோ வெக்கை பெரும்பாலும் மேலிருந்தே இறங்குகிறது. அங்கே முதற்செலவு யன்னலுக்கல்ல, கூரைக்கு.

கடன் வாங்கலாமா?

தவணைக்கு வாங்குவதென்றால், கைக்காசு விலையையும் எல்லாத் தவணைகளின் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் எடுத்த, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. வன்னி அந்தக் கடனின் பாரத்தை அறிந்த நிலம்.

இந்தச் செலவில் ஒரு பகுதி குடும்பத்தின் தலையில் விழுந்திருக்கத் தேவையில்லை. வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் வந்தபோது எழுந்த எதிர்ப்பில் வெக்கையும் ஒரு காரணம். இனி வரும் வீட்டுத்திட்ட வரைபடங்களிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்: மேற்கு யன்னலின் நிழலுக்கு மானியத்தில் காசு ஒதுக்கப்பட்டிருக்கிறதா? கட்டும்போதே ஒரு பத்தி இறக்கினால், அந்தக் குடும்பம் பிறகு பிளைன்ட்ஸுக்காகக் கடன் தேடி அலையத் தேவையில்லை.