குளியலறைக்கும் உதவும் ஒரு வகுத்தற் கணக்கு

நம் இல்லங்களில் பத்தாம் வகுப்புப் பயிலும் பிள்ளைகளைக் கேட்டால், ஓமின் விதியைத் தங்குதடையின்றி ஒப்பிப்பார்கள். 1827இல் ஜார்ஜ் சைமன் ஓம் என்னும் ஜெர்மானிய ஆசிரியர் வெளியிட்ட அவ்விதி மிக எளியது. வோல்ட்டில் அளக்கும் மின்னழுத்தத்தை ஓமில் அளக்கும் தடையால் வகுத்தால், ஆம்பியரில் மின்னோட்டம் கிடைக்கும். ஆனால் அந்த ஆம்பியர் செய்யும் வேலையைக் கண்ணாற் கண்ட பிள்ளைகள் எத்தனை பேர்?

காண்பதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. மும்பையில் இருப்போர் லாமிங்டன் சாலைக்கும், டில்லியில் இருப்போர் செங்கோட்டைக்கு எதிரிலுள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டுக்கும், பெங்களூரில் இருப்போர் எஸ்.பி. சாலைக்கும் ஒரு மாலை பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கு, 470 ஓம், 4700 ஓம் ரெசிஸ்டர்கள், சிறிது கம்பி ஆகியவை போதும். 470 ஓம் ரெசிஸ்டரில் மஞ்சள், ஊதா, பழுப்பு என வளையங்கள் இருக்கும். மற்றதில் பழுப்பின் இடத்தில் சிவப்பு. இந்த நிறக் கணக்கைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொள்வர்.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டர் வழியாக விளக்கின் நீண்ட காலுக்கும், குட்டைக் காலிலிருந்து எதிர்முனைக்கும் கம்பியை இணைத்தால் விளக்கு ஒளிரும். எவ்விடத்திலேனும் இணைப்பு விட்டால் அணையும். சுற்று என்பதன் பொருள் அவ்வளவே. விளக்கு தன் பங்காக ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய 7ஐ 470ஆல் வகுத்தால் சுமார் 15 மில்லி ஆம்பியர். 4700 ஓமை வைத்தால் ஒன்றரை மில்லி ஆம்பியர்தான், ஒளி மங்கிவிடும். இவ்விளையாட்டெல்லாம் பேட்டரியோடு நிற்க வேண்டும். சுவர் சாக்கெட்டின் அருகே கம்பியோடு எவரும் செல்லலாகாது.

ஏன் என்பதையும் அதே கணக்கே சொல்லும். உலர்ந்த தோலின் தடை பல்லாயிரம் ஓம். ஆதலால் 9 வோல்ட் பேட்டரியை விரலால் தொட்டால் ஒன்றும் நேர்வதில்லை. குளியலறையில் நனைந்து நிற்கும் உடலின் தடையோ 1000 ஓம் அளவிற்கு இறங்கிவிடக்கூடும். வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வகுத்துப் பாருங்கள்: 230 மில்லி ஆம்பியர்! சிறு விளக்கை ஏற்றியதைப்போல் பதினைந்து மடங்கு. இதில் ஒரு பகுதி மார்பின் வழியே சென்றாலே இதயத்தின் துடிப்பு குலைந்து உயிர் போகலாம்.

எம்.சி.பி. இருக்கிறதே என்று பலர் நிம்மதி கொள்கின்றனர். கீசருக்குரிய 16 ஆம்பியர் எம்.சி.பி.க்குக் கால் ஆம்பியர் ஒரு பொருட்டன்று. கம்பி சூடேறாமல் காப்பதே அதன் தொழில். மனிதரைக் காப்பவை வேறு இரண்டு. ஒன்று எர்த் கம்பி. பிளக்கின் தடித்து நீண்ட பின் அதற்குரியது. கீசரின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், நம் உடலைவிட மிகக் குறைந்த தடையுள்ள வழியை அது அமைத்துத் தருகிறது. மற்றொன்று ஆர்.சி.சி.பி. செல்லும் ஓட்டத்தையும் திரும்பும் ஓட்டத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு 30 மில்லி ஆம்பியர் ஆனால் கணத்தில் துண்டிப்பது; அதாவது மேசைமேல் எரிந்த விளக்குகள் இரண்டின் ஓட்டம்.

அயலூரில் வாடகை வீடு பார்க்கையில் தண்ணீர் எப்போது வரும், பள்ளி எவ்வளவு தூரம் என்றெல்லாம் விசாரிக்கிறோம். எர்த் உண்டா என்று கேட்பவர் அரியர். இதற்கு மொழி ஒரு தடையன்று. ‘அர்த்திங்’ என்றால் வடநாட்டு எலக்ட்ரீஷியனுக்கும் விளங்கும். பழைய கட்டடங்களில் சாக்கெட்டுக்கு மூன்று துளைகள் இருந்தும், பின்னால் எர்த் கம்பி இணைக்கப்படாதிருப்பதுண்டு. ஆகவே வாய்ச்சொல்லை ஏற்காமல் சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஆர்.சி.சி.பி. இருப்பின், அதன் முகப்பிலுள்ள சிறு சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிடில், எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும் வரை கீசரைப் போடாதீர்கள்.