நாற்பதாம் நாள் வியாழக்கிழமை

மும்பையில் என் பாத்திரக் கடையில் கணக்கு எழுதும் தம்பி, திருநெல்வேலிப் பக்கத்துக் கிறித்தவர். சில ஆண்டுகளுக்கு முன் மே மாத வியாழக்கிழமை ஒன்றில், "அண்ணாச்சி, இன்னிக்கு அஞ்சு மணிக்கே கிளம்பட்டுமா? கோயில்ல ஆராதனை இருக்கு" என்றார்.

"வியாழக்கிழமை என்னப்பா ஆராதனை?"

"இயேசு பரமேறின நாள். பத்துப் பேர் வந்தா அதிகம்."

"சாமி உங்களை விட்டுப் போன நாளையா கொண்டாடுறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத்தான் அந்தக் கேள்வி உறுத்தியது. தமிழ் வேதாகமத்தை எடுத்துப் படித்தேன்.

உயிர்த்தெழுந்த இயேசு நாற்பது நாள் சீடர்களோடு இருந்து, ஒலிவ மலையிலிருந்து விண்ணேறினார் என்பது கிறித்தவர் நம்பிக்கை. கி.பி. 325இல் நிக்கேயாவில் வகுத்த விசுவாசப் பிரமாணத்திலேயே இது உண்டு. ஈஸ்டரைச் சேர்த்து எண்ணினால் நாற்பதாம் நாள் எப்போதும் வியாழன்தான். ஏப்ரல் 30க்கும் ஜூன் 3க்கும் இடையில் வரும். ஜெர்மனி, பிரான்ஸ், ஏன், இந்தோனேசியாவிலும் அரசு விடுமுறை. நமக்கு வேலை நாள். அதனால்தான் கவனத்திலிருந்து நழுவுகிறது. பல இடங்களில் கத்தோலிக்கர் அடுத்த ஞாயிறுக்கு மாற்றி வைக்கிறார்கள். ஆகஸ்ட் 15இல் வரும் மரியாவின் விண்ணேற்பு வேறு, இது வேறு. அங்கே எடுத்துக்கொள்ளப்படுதல், இங்கே தாமே ஏறுதல்.

ஒலிவ மலையில் ஒரு பாறைத் தடத்தை இயேசுவின் பாதம் என்று வணங்குகிறார்கள். எங்கள் வந்தவாசிப் பக்கத்துப் பொன்னூர் மலையில் குந்தகுந்தாசாரியாரின் பாதங்களை நாங்கள் வணங்குவதுபோல. ஆசிரியர் போனபின் பாதம்தானே மிச்சம்!

ஆனால் சேதி அதுவல்ல. மேலே பார்த்து நின்ற சீடர்களிடம், வெண்ணாடை உடுத்திய இருவர் ஏன் வானத்தையே பார்க்கிறீர்கள் என்று கேட்டார்களாம். அவர் திரும்பி வருவார் என்றும் சொன்னார்கள். சீடர்கள் ஊருக்குத் திரும்பி ஜெபித்துக் காத்திருந்தார்கள். பத்தாம் நாள் பெந்தெகொஸ்தே, பணி தொடங்கியது. வேளாங்கண்ணியில் நாம் பார்க்கும் நவநாளுக்கும் இந்த ஒன்பது நாள் காத்திருப்பையே முன்மாதிரியாகச் சொல்வார்கள். இனி அவர் ஓர் ஊருக்கு உரியவர் அல்ல, எங்கும் உடனிருப்பவர், நமக்காகப் பரிந்து பேசுபவர் என்பது அவர்கள் ஆறுதல். ஊர் விட்டு வந்தவனுக்கு இது சின்ன விஷயமா?

எங்கள் சமயத்திலும் ஒரு பிரிவு உண்டு. தீபாவளி அமாவாசையில் பாவாபுரியில் மகாவீரர் வீடுபேறு அடைந்தார். அன்றே தலைமைச் சீடர் கௌதமருக்குக் கேவல ஞானம் கிட்டியது. குருவின் மேல் வைத்த பற்றே அதுவரை தடையாயிருந்தது என்று கதை சொல்வார்கள். இரண்டும் ஒன்று என்று நான் சாதிக்கவில்லை. எங்கள் சித்தர் உடலின்றி உலகின் உச்சியில் இருப்பவர். திரும்புவதில்லை, பரிந்து பேசுவதுமில்லை. கிறித்தவர்களோ மனித உடலோடே ஏறியவர், மீண்டும் வருவார் என்கிறார்கள். ஆனாலும் ஆசிரியர் போன நாளே மாணவன் எழுந்து நிற்கிற நாள் என்பது இரண்டிலும் தெரிகிறது.

1989இல் நான் கடை வைத்த நான்காம் மாதம் அப்பா ஊரில் காலமானார். "எடை போடும்போது ஆள் முகத்தைப் பார்க்காதே, முள்ளைப் பார்" என்பார். ரொம்ப நாள் எதற்கெடுத்தாலும் அப்பா இருந்தா கேட்கலாமே என்று தவித்தேன். பிறகு ஒருநாள் கவனித்தேன்: என் கண் தானாக முள்ளில் நின்றது.

அடுத்த ஆண்டு அந்த வியாழனன்று நானே தம்பியிடம், "நாலரைக்கே கிளம்பு" என்றேன். உங்கள் அண்டை வீட்டுக் கிறித்தவருக்கும் அன்று ஒரு வாழ்த்துச் சொல்லுங்கள்.