புரோட்டீன் பவுடர் டப்பாவின் பின்பக்கம் என்ன சொல்கிறது? வாங்கும் முன் ஒரு நிமிஷம் திருப்பிப் பாருங்க!

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போனால், முன்பெல்லாம் கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு ஆப்பிளும் இருக்கும். இப்போது அந்த இடத்துக்கு புரோட்டீன் பவுடர் வந்துவிட்டது. ஜிம்மில் சேர்ந்த மறுவாரமே, "மாஸ்டர், எந்த பவுடர் வாங்கலாம்?" என்று கேட்கும் இளைஞர்கள் ஒருபக்கம். "பையன் சரியாவே சாப்பிட மாட்டேங்கிறான்" என்று பாலில் கலந்து கொடுக்கும் அம்மாக்கள் இன்னொரு பக்கம். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அப்பாவுக்காக மெடிக்கல் ஷாப்பில் டப்பா வாங்குபவர்களும் உண்டு.

இவர்கள் எல்லோரும் பார்ப்பது டப்பாவின் முன்பக்கத்தை. அங்கே இருப்பது விளம்பரம். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கான பதில், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அதைப் படிக்கப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. சில விஷயங்கள் தெரிந்தால் போதும்.

முதலில் வரும் பெயர்தான் ஹீரோ!

உணவுப் பொருளில் எது அதிக எடை இருக்கிறதோ, அதைத்தான் சேர்மானப் பட்டியலில் முதலில் எழுத வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அடுத்தடுத்து வருவதெல்லாம் இறங்கு வரிசை. ஆக, முதல் இடத்தில் 'வே புரோட்டீன்' என்றோ 'சோயா புரோட்டீன் ஐசோலேட்' என்றோ இருந்தால், அது புரோட்டீன் பவுடர். முதல் இடத்திலோ இரண்டாம் இடத்திலோ சர்க்கரை அல்லது மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்தால், நீங்கள் வாங்குவது புரோட்டீன் கலந்த இனிப்பு மாவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

வே, ஐசோலேட், ஹைட்ரலைசேட்... எது என்ன?

வீட்டில் பாலைத் திரித்து பனீர் எடுக்கும்போது வெளிறிய தண்ணீர் மிஞ்சுமே, அதுபோல சீஸ் தயாரிக்கும்போது பிரியும் நீர்தான் 'வே'. பாலில் உள்ள புரதத்தில் சுமார் 80 சதவிகிதம் கேசீன், மீதி 20 சதவிகிதம் வே. அந்த நீரை வடிகட்டி, உலர்த்திப் பொடியாக்குகிறார்கள்.

எவ்வளவு தூரம் வடிகட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். 'கான்சன்ட்ரேட்' என்றால் பொதுவாக 80 சதவிகிதம் வரை புரதம். கொஞ்சம் கொழுப்பும், பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையும் இருக்கும். 'ஐசோலேட்' இன்னும் சுத்திகரிக்கப்பட்டது. 90 சதவிகிதமோ அதற்கு மேலோ புரதம், லாக்டோஸ் மிகக் குறைவு. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்களுக்கு இது ஓரளவு ஒத்துக்கொள்ளும். 'ஹைட்ரலைசேட்' என்பது, சீக்கிரம் செரிப்பதற்காகப் புரதத்தை முன்கூட்டியே சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்தது. மூன்றில் விலை கூடியது இதுதான். சாதாரணமாக உடற்பயிற்சி செய்பவருக்கு கான்சன்ட்ரேட்டே போதும்.

பாலே வேண்டாம் என்பவர்களுக்கு சோயா, பட்டாணி, அரிசிப் புரதங்கள் இருக்கின்றன. பட்டாணியில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. அரிசியில் லைசின் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று சரிக்கட்டும். நம்ம வீட்டு அரிசி, பருப்பு கூட்டணியின் கணக்கும் இதேதான்!

வாயில் நுழையாத அந்தப் பெயர்கள்...

மால்டோடெக்ஸ்ட்ரின்: ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கப்படும் மாவுப்பொருள். பெரிதாக இனிக்காது. ஆனால், ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். ஊட்டச்சத்து அட்டவணையில் இது 'சர்க்கரை' வரிசையில் தெரியாது, 'கார்போஹைட்ரேட்' கணக்கில் போய்விடும். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்ற வரியை நம்பி வாங்கும் சர்க்கரை நோயாளிகள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

சுக்ரலோஸ், அசிசல்ஃபேம் பொட்டாசியம்: கலோரி இல்லாத செயற்கை இனிப்புகள். பெயருக்குப் பதில் ஐ.என்.எஸ் 955, 950 என்று எண் மட்டும்கூட இருக்கலாம். 960 என்றால் ஸ்டீவியா. அனுமதிக்கப்பட்டவைதான். ஆனால், எடையைக் குறைப்பதற்காக இத்தகைய இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் பரிந்துரைத்திருக்கிறது.

லெசித்தின், சாந்தன் கம், சிலிக்கன் டை ஆக்ஸைடு: பவுடர் தண்ணீரில் சுலபமாகக் கரைய, கெட்டியாக இருக்க, கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்ப்பவை. பட்டியலின் கடைசியில் கொஞ்சமாக இருந்தால் பதறத் தேவையில்லை.

ஸ்கூப் கணக்கில் ஒளிந்திருக்கும் விலை

'ஒரு ஸ்கூப்பில் இவ்வளவு புரதம்' என்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஸ்கூப் ஒவ்வொரு டப்பாவிலும் ஒவ்வொரு அளவு. அதனால் '100 கிராமுக்கு' என்ற வரிசையைப் பாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ வே டப்பா 3,000 ரூபாய், 100 கிராமில் 73 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் புரதத்துக்கு நீங்கள் கொடுப்பது சுமார் 4.10 ரூபாய். இன்னொரு பக்கம், 400 கிராம் 'ஃபேமிலி' டப்பா 600 ரூபாய், 100 கிராமில் 33 கிராம்தான் புரதம். கிராமுக்கு சுமார் 4.50 ரூபாய். பார்க்க மலிவாகத் தெரிந்ததுதான் உண்மையில் விலை அதிகம்! ஒரு முட்டை 7 ரூபாய் என்றால், அதிலுள்ள 6 கிராம் புரதத்துக்கு, கிராம் ஒன்றுக்கு 1.20 ரூபாய்கூட ஆகாது.

லேபிளே பொய் சொன்னால்?

இதுதான் கவலைப்பட வேண்டிய இடம். புரதத்தை அளக்கப் பல காலமாகப் பயன்படும் முறை, அதிலுள்ள நைட்ரஜனை அளப்பது. நைட்ரஜன் அளவை 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்கி, 'இவ்வளவு புரதம்' என்பார்கள். ஆனால், நைட்ரஜன் புரதத்தில் மட்டும் இல்லையே! 2008-ல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் புரதம் இருப்பதுபோலக் காட்ட, நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்தார்கள். 6 குழந்தைகள் இறந்தன; சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன.

புரோட்டீன் பவுடரில் நடக்கும் தில்லுமுல்லு அந்த அளவுக்குக் கொடியது இல்லை என்றாலும், வழி ஒன்றுதான். விலை மலிவான கிளைசின், டாரின் போன்றவற்றையும் கிரியேட்டினையும் சேர்த்து, அந்த நைட்ரஜனையும் புரதக் கணக்கில் காட்டுவது. இதை 'அமினோ ஸ்பைக்கிங்' என்கிறார்கள். சேர்மானப் பட்டியலில் இந்தப் பெயர்கள் இருந்து, எவ்வளவு என்று தனியாகக் குறிப்பிடவில்லை என்றால் யோசியுங்கள்.

2024-ல் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து, கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்ஸ் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சுமார் 70 சதவிகிதத்தில் புரத அளவு லேபிளில் சொன்னபடி இல்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சுமார் 14 சதவிகிதத்தில் பூஞ்சை நச்சும், 8 சதவிகிதத்தில் பூச்சிக்கொல்லி எச்சமும் இருந்தன.

சரி, எனக்கு இது தேவையா?

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு தினமும் 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 60 கிலோ எடை என்றால் 50 கிராம். இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல்... இதிலேயே சுமார் 40 கிராம் வந்துவிடும். மீதியை இட்லியும் சாம்பாரும் பார்த்துக்கொள்ளும். உடலை ஏற்ற புரோட்டீன் பவுடரை நம்ப வேண்டாம் என்றே அந்த நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது.

கடுமையாகப் பயிற்சி செய்பவர்கள், சாப்பிட முடியாத முதியவர்கள், நோயிலிருந்து தேறுபவர்கள் ஆகியோருக்கு பவுடர் கைகொடுக்கலாம். ஆனால், சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு ஸ்பூன்கூட எடுக்கக் கூடாது. குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு முன்பும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடையில் நிற்கும்போது இந்த ஐந்தைப் பாருங்க...

1. சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் புரதமா, சர்க்கரையா?

2. 100 கிராமில் எத்தனை கிராம் புரதம்? ஒரு கிராம் எத்தனை ரூபாய்?

3. கிளைசின், டாரின், கிரியேட்டின் இருந்தால், அளவு தனியாக எழுதியிருக்கிறதா?

4. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரிப்பு தேதி, காலாவதி தேதி இருக்கின்றனவா?

5. சீல் பிரிக்கப்படாமல் இருக்கிறதா? "நம்ம ஆளுங்களுக்கு மட்டும்தான் இந்த ரேட்" என்று பில் இல்லாமல் தரும் டப்பாவை, எவ்வளவு தள்ளுபடி என்றாலும் வாங்காதீங்க. நாளைக்கு ஏதாவது பிரச்னை என்றால், புகார் கொடுக்க அந்த பில்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம்.