பழைய ஜாகுவாரும் பிளாஸ்டிக் டென்ஷனரும்

காலையில் பைக்கை ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினுக்குள் யாரோ சில்லறையைக் குலுக்குவது போலச் சத்தம் வந்தால், தெருமுனை மெக்கானிக் வண்டியைத் தொடாமலே சொல்லிவிடுவார்: “டைமிங் செயின் லூசாயிடுச்சு சார்.” பைக்கில் அது சின்ன வேலை. ஒரு பழைய ஜாகுவாரில் அதே சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டால் எஞ்சினே போய்விடும்.

1996இல் எக்ஸ்கே8 காரோடு அறிமுகமாகி, அடுத்த ஆண்டு எக்ஸ்ஜே8 காருக்கும் வந்த 4 லிட்டர் வி8 எஞ்சினைத்தான் சொல்கிறேன். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், பிரிட்ஜெண்ட் ஆலையில் செய்தது. நின்ற இடத்தில் ஓடுகிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அமைதியான எஞ்சின். அதற்குள் கைக்கு அடக்கமான ஓர் உறுப்பைப் பிளாஸ்டிக்கில் செய்து வைத்ததுதான் வம்பாகிவிட்டது.

அந்த உறுப்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். பிஸ்டன்கள் கிராங்க் ஷாஃப்டைச் சுழற்றுகின்றன. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் மேலே உள்ள கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றி வால்வுகளைத் திறந்து மூட வேண்டும். கார் சும்மா நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு ஏறக்குறைய ஆறு முறை திறந்து மூடுகிறது. இந்த எஞ்சினில் வால்வுகள் 32. இந்தக் கணக்குப் பிசகாமல் கிராங்கையும் கேமையும் சேர்த்துக் கட்டி வைத்திருப்பது டைமிங் செயின்.

இரண்டு பக்கமும் நான்கு நான்கு சிலிண்டர்; ஒரு பக்கத்துக்கு இரண்டு கேம். கிராங்கிலிருந்து ஏறும் நீளச் செயின் இன்டேக் கேமைச் சுற்றும். இது பிரைமரி. இன்டேக் கேமிலிருந்து ஒரு குட்டிச் செயின் எக்ஸாஸ்ட் கேமைச் சுற்றும். இது செகண்டரி. ஆகப் பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு செயின். ஒவ்வொன்றுக்கும் தொய்வு எடுக்க ஒரு டென்ஷனர். குட்டிச் செயினின் டென்ஷனர் இரண்டு கேம்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தை வாங்கி, செயினைத் தள்ளி விறைப்பாகப் பிடித்திருக்கும். முதலில் வந்த டென்ஷனர்களில் உடம்பே பிளாஸ்டிக்.

சூடான ஆயிலில் வெந்து ஆறி, வெந்து ஆறி, அந்தப் பிளாஸ்டிக் பழுப்பேறி மொறமொறப்பாகிவிடும். பிறகு முடி போல ஒரு விரிசல். அது வழியாக ஆயில் கசிந்தால் அழுத்தம் குறையும், செயின் தளரும். உடம்பு இரண்டாகப் பிளந்தே போனால் செயினைப் பிடிக்க ஆளில்லை. தொய்ந்த சைக்கிள் செயின் பல்லை விட்டுத் தாவுவது போல இதுவும் தாவும். சைக்கிள் என்றால் இறங்கிக் கையால் மாட்டிவிடலாம். இங்கே எக்ஸாஸ்ட் வால்வு மூட வேண்டிய நேரத்தில் திறந்து நிற்கும், கீழிருந்து பிஸ்டன் வந்து மோதும். வால்வு வளைந்தால் ஹெட்டை இறக்கியாக வேண்டும். அதற்கு ஆகும் செலவு பல சமயம் காரின் சந்தை விலையையே தாண்டிவிடும்.

செயின் என்றால் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம், பெல்ட்டைத்தான் மாற்ற வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. செயினைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. செயினைப் பிடித்திருக்கும் டென்ஷனருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. கிலோமீட்டர் குறைவாக ஓடிய கார் என்பதும் இங்கே பெரிய ஆறுதல் இல்லை. பிளாஸ்டிக்குக்கு வயதும் ஒரு கணக்கு. இரவெல்லாம் நின்ற காரை ஸ்டார்ட் செய்தவுடன், ஆயில் அழுத்தம் ஏறும்வரை இரண்டு மூன்று நொடி கடகடவென்று சத்தம் வருவது முதல் எச்சரிக்கை. சத்தமே காட்டாமல் உடைந்தவையும் உண்டு. அதனால் எனக்கு இதில் ஒரு பிடிவாதம்: இந்தக் காரை வாங்குகிறவர் பாலிஷ், லெதர் சீட், மரப்பலகை எல்லாவற்றையும் அப்புறம் ரசிக்கட்டும், முதலில் கேம் கவரைத் திறந்து பார்க்கட்டும். முன்பக்கம் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவில் உலோகம் தெரிந்தால் நிம்மதி. 2001 வாக்கில் அலுமினிய உடம்பு கொண்ட டென்ஷனர் வந்துவிட்டது. பழுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தால், விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டாம். மாற்றிவிட வேண்டியதுதான்.

ஒரு நல்ல விஷயம், செகண்டரி டென்ஷனரை மேலிருந்தே எட்டலாம். சற்றுப் பிந்தி வந்த ஆடி எஸ்4 காரின் 4.2 லிட்டர் வி8இல் செயின்கள் எல்லாம் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கின்றன. எஞ்சினை வெளியே எடுத்தால்தான் கை போகும். ஜாகுவாரில் இக்னிஷன் காயில்களையும் கேம் கவரையும் கழற்றினால் போதும். ஆனால் அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எக்ஸாஸ்ட் கேமில் பல்சக்கரம் சாவி போட்டுப் பூட்டியதல்ல. நடுவில் உள்ள ஒரே போல்ட்டின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. போல்ட்டைத் தளர்த்திய கணமே கேமுக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு அறுந்துவிடும். குறி போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முறையான வழி இது. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் சுற்றி, கேம்களின் தட்டையான பகுதி மேலே பார்க்கும்படி நிறுத்த வேண்டும். கிராங்க் சென்சாரைக் கழற்றிய துளை வழியாக ஒரு பின்னைச் செருகிக் கிராங்கைப் பூட்ட வேண்டும். கேம்களின் மேல் பூட்டுக் கட்டையை வைத்து இறுக்க வேண்டும். இப்போது எதுவும் அசையாது. எக்ஸாஸ்ட் பல்சக்கரத்தின் போல்ட்டைத் தளர்த்திச் சக்கரத்தை நகர்த்தினால், டென்ஷனரைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு போல்ட்டுகளை எடுக்க இடம் கிடைக்கும். இந்தக் கருவிகள் இல்லாதவர்கள் சக்கரத்தின் போல்ட்டைத் தொடாமல், செயினை இரண்டு சக்கரங்களோடும் நைலான் டை போட்டுக் கட்டிவிட்டு, கேமைப் பிடித்திருக்கும் மூடிகளைக் கழற்றிக் கேமையே தூக்கி மாற்றுகிறார்கள். அது பொறுமைக்காரர்களின் வேலை. ஒரு மூடியை மட்டும் அவசரமாகக் கழற்றினால் கேம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு முறியக்கூடும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, சமமாகத் தளர்த்த வேண்டும்.

புதிய டென்ஷனர் அமுங்கிய நிலையில், ஒரு சின்னப் பின் குத்தித்தான் வரும். மாட்டி முடித்த பிறகு அதை உருவ மறக்கக் கூடாது. போல்ட்டுகளுக்கு டார்க் ரெஞ்ச் கட்டாயம். டென்ஷனரின் சிறு போல்ட்டுகள் அலுமினிய ஹெட்டில் இறங்குபவை. முரட்டுக் கை பட்டால் மரை போய்விடும். சக்கரத்தின் பெரிய போல்ட்டோ நேர் எதிர். அது நன்றாக முறுக்கி நிற்க வேண்டியது. பூட்டுகளை எடுத்ததும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது தடுத்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். தடுப்பது வால்வாக இருக்கலாம். கேம் கவர் கேஸ்கெட்டையும், பிளக் குழிகளைச் சுற்றியுள்ள ரப்பரையும் புதிதாகப் போட்டால் இன்னொரு முறை திறக்கும் வேலை மிச்சம்.

பிரைமரி டென்ஷனருக்கு இந்த வழி உதவாது. முன்பக்கக் கவரையே கழற்ற வேண்டும், அதற்குக் கிராங்க் புல்லி வெளியே வர வேண்டும். அது வீட்டு வாசலில் வைத்துச் செய்கிற வேலை அல்ல.

கழற்றிய பழைய டென்ஷனரைக் குப்பையில் போடுமுன் ஒரு செய்தித்தாளை விரித்து, உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அது ஆயில் இறங்கும் வழியாகக் கீழே ஆயில் தேங்கும் சம்ப்புக்குப் போயிருக்கும். அங்கே ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது. துண்டுகள் அதை அடைத்தால், நேற்று மாட்டிய அலுமினிய டென்ஷனருக்கும் ஆயில் போய்ச் சேராது. சம்ப்பைக் கழற்றித் தேடி எடுத்த பிறகே காரை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.