கோளாறு ஃபேனில் இல்லை, அதற்கு அடியில்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வீட்டுக் கம்ப்யூட்டர் 'ஹோ'வென்று இரைந்தால், "ஃபேன் போயிடுச்சு, மாத்தணும்" என்று உடனே முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலும் ஃபேன் நன்றாகவே இருக்கும். அதற்கு அடியில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2006இல் வந்த இன்டெல் கோர் 2 டுவோவை எடுத்துக்கொள்வோம். முதலில் வந்த மாடல்களில் அதன் சிலிக்கான் சில்லு வெறும் 143 சதுர மில்லிமீட்டர். அதற்குள் 29 கோடி டிரான்சிஸ்டர்கள். மும்முரமாக வேலை செய்யும்போது 65 வாட் அளவுக்குச் சூடு கிளம்பும் என்று கணக்குப் போட்டு, பிராசசர் மேல் அலுமினிய ஹீட் சிங்கையும் அதன்மேல் 12 வோல்ட் ஃபேனையும் உட்கார வைத்தார்கள். சூடு அலுமினியத் தகடுகளுக்கு ஏறும். ஃபேன் காற்றைக் கீழ்நோக்கித் தள்ள, தகடுகளின் இடுக்கு வழியே சூடு வெளியேறும்.

அந்த இடுக்குகள் மிகக் குறுகலானவை. துணிநூல், தலைமுடி, தெருப்புழுதி எல்லாம் தகடுகளின் மேல்விளிம்பில் வந்து சிக்கும். முதலில் நூல் படியும், அதன்மேல் பொடி அப்பும், நாளடைவில் கம்பளித் துண்டு மாதிரி கெட்டியான படலமாகிவிடும். ஃபேனை எடுத்துவிட்டுப் பார்த்தால் அதை விரலாலேயே உரித்தெடுக்கலாம். காற்று இறங்க வழியில்லாததால் பிராசசர் கொதிக்கிறது. மதர்போர்டு அதைக் கண்டுகொண்டு ஃபேனை இன்னும் வேகமாகச் சுற்றவிடுகிறது. நமக்குக் கேட்கும் இரைச்சல் இதுதான். இறக்கைகளை மட்டும் துடைத்தால் சத்தம் போகாததற்கும் இதுவே காரணம். சூடு மேலும் ஏறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மிஞ்சினால் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். வைரஸ் என்று நினைத்து விண்டோஸைத் திரும்ப ஏற்றுவதற்கு முன், கேபினெட்டைத் திறந்து பார்ப்பது நல்லது.

சத்தத்தைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். சீரான இரைச்சல் என்றால் தூசியும் சூடும். 'டக் டக்' என்றால் ஏதோ ஒயர் இறக்கையில் உரசுகிறது. காலையில் போட்டதும் 'கரகர'வென்று கத்தி, போகப்போக அடங்கினால் பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது.

சுத்தம் செய்யும்முன் பயாஸ் திரையில் காட்டும் பிராசசர் வெப்பநிலையையும் ஃபேன் வேகத்தையும் குறித்து வைத்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கேபினெட்டை வாசலுக்கோ மாடிக்கோ கொண்டுபோங்கள், மூக்கில் ஒரு கைக்குட்டை கட்டிக்கொள்ளுங்கள். உள்ளே கைவைக்கும்முன் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டால் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். மென்மையான பெயிண்ட் பிரஷால் தகடுகளின் இடுக்கில் படிந்ததைக் கிளறிவிட்டு, பிறகு புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். தாறுமாறான வேகத்தில் சுற்றினால் பேரிங் தேய்ந்துவிடும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

ஹீட் சிங்கையே கழற்றினால், பிராசசரின் சூட்டை அதற்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் அடியில் காய்ந்துபோயிருக்கும்; அதைச் சுரண்டாமல் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிதாக ஒரு சொட்டு வைக்க வேண்டும். பழைய பேஸ்டின் மேலேயே திரும்ப உட்கார வைத்தால் சூடு முன்னைவிட மோசமாகலாம். கையில் பேஸ்ட் இல்லையென்றால் ஹீட் சிங்கைத் தொடாமல் தூசியை மட்டும் எடுங்கள்.

கரகரக்கும் கேபினெட் ஃபேனின் நடுவிலுள்ள ஸ்டிக்கரை உரித்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில மாதங்களுக்குச் சத்தம் அடங்கும். தேங்காய் எண்ணெய் கூடாது, நாளாக நாளாகப் பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும். பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். வெளியிலிருந்தே கம்பி வலை வழியாக ஊதினால் போதும்.

பக்கத் தகட்டை மூடும்முன் ஒருமுறை ஆன் செய்து, பயாஸ் திரையில் பிராசசர் வெப்பநிலையையும் ஃபேன் வேகத்தையும் பாருங்கள். சுத்தம் செய்வதற்கு முன் குறித்து வைத்த எண்களைவிட இரண்டும் இறங்கியிருந்தால் தகட்டை மூடிவிடலாம். வெப்பநிலை இறங்கவே இல்லையென்றால் தெர்மல் பேஸ்ட் வாங்கிவந்து ஹீட் சிங்கைக் கழற்றத்தான் வேண்டும்.